கடை போர்டுல கர்த்தரோட பேரு போடலாமா?

கேள்வி: ஸ்தோத்திரம் பாஸ்டர். பெரம்பூர்ல மளிகைக்கடை வெச்சிருக்கோம், பேரு யெகோவாயீரே ஸ்டோர்ஸ், அதாவது 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்'. தேவ நாமத்தை வியாபாரத்துக்கு யூஸ் பண்றது பத்துக் கட்டளைக்கு விரோதம்னு சபையில ஒரு அண்ணன் சொல்லிட்டாரு. போர்டை மாத்தணுமா?

பதில்: ஸ்தோத்திரம் சிஸ்டர். மாத்த வேணாம். அந்த அண்ணன் மேல வருத்தப்படாதீங்க, அவருக்கு இருக்குற பயம் நல்ல பயம்தான். ஆனா கர்த்தரோட நாமத்தை வீணா வழங்காதேன்னு யாத்திராகமம் 20:7 சொல்றது வாயில வர்ற வார்த்தைக்கு மட்டும் இல்ல. லேவியராகமம் 19-ஐ எடுத்துப் பாருங்க, 12-ம் வசனம் என் நாமத்தைச் சொல்லி பொய்ச்சத்தியம் பண்ணாதேங்குது, அடுத்த வசனமே கூலிக்காரனோட கூலியை விடியிற வரைக்கும் உன்கிட்ட வெச்சுக்காதேங்குது, அப்புறம் 36-ல தராசும் படிக்கல்லும் சரியா இருக்கணும்னு வருது, எல்லாம் ஒரே அதிகாரத்துல.

அதனால போர்டை விட்டுட்டு கல்லாப்பெட்டி பக்கம் பாருங்க. மூட்டை தூக்குற தம்பிக்கு ஷட்டர் இறக்குறதுக்கு முன்னாடி கூலி கைக்குப் போகுதா? பருப்பு வைக்கிறதுக்கு முன்னாடி எலக்ட்ரானிக் தராசு ஜீரோவுல நிக்குதா? அந்தப் பேரை போர்டுல படிச்சிட்டு உள்ள வர்றவங்க எடையில ஏமாந்தா திட்டு உங்களுக்கு மட்டும் விழாது, ரோமர் 2:24-ல பவுல் யூதர்கள்கிட்ட சொல்றதும் இதைத்தான், உங்களாலதான் புறஜாதியார் நடுவுல தேவ நாமம் தூஷிக்கப்படுதுன்னு.

இன்னொண்ணு, பேரம் பேசுறப்ப "கர்த்தர் மேல ஆணையா இதான் அசல் ரேட்"னு சொல்ற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லைன்னு மட்டும் சொல்லுங்கங்குற மத்தேயு 5:37 படி, ரேட்டைச் சொல்லிட்டு நிறுத்திக்கோங்க.