நிகழ்ச்சிக்குக் கூட்டம் வருகிறது, நூலகத்துக்கு ஆள் வரவில்லையே!

கேள்வி: அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் ஏழு மாதமாக நூலகராக இருக்கிறேன். சுமார் 1,800 மாணவர்கள். பெரும்பாலும் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள், தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தருகிற நாக் குழு வரப்போகிறது, மாதம் ஒரு நிகழ்ச்சியாவது நூலகத்தில் நடத்துங்கள் என்கிறார் முதல்வர். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்கு விநாடி வினா, அப்புறம் புத்தகக் கண்காட்சி, ஓர் எழுத்தாளரின் உரை என்று மூன்று நடத்திவிட்டேன். மூன்றுக்கும் கூட்டம் நிரம்பியது. எழுத்தாளர் வந்துபோன மறுநாள் நுழைவுப் பதிவேட்டில் 11 பேர். இணையத்தில் மின்னூல்களும் ஆய்விதழ்களும் படிக்க என்-லிஸ்ட் சந்தாவும் இருக்கிறது, தொடுவார் இல்லை. நானும் ஓர் உதவியாளரும்தான். எதை மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் 11 பேரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலி இல்லை, பழைய ஞாபகம். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் நான் நடத்திய விநாடி வினாவுக்கு 300 பேர் வந்தார்கள். மறுநாள் ஒன்பது பேர். அதிலும் இரண்டு பேர் ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள். முதல் பரிசு வாங்கிய பையன் அதற்குப் பிறகு நூலகப் பக்கம் வந்தது நோ டியூ கையெழுத்துக்குத்தான்.

நீங்கள் யாருடைய பிறந்தநாளில் விநாடி வினா நடத்தினீர்களோ, அந்த ரங்கநாதனுக்கே ஆளில்லாத நூலகம் பிடிக்கவில்லை. பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வந்த வேகத்திலேயே தனிமை தாங்காமல், என்னைப் பழையபடி வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் இதே எண்ணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே நூலகங்கள் நடக்கிற விதத்தைப் பார்த்த பிறகுதான் அவர் மனம் மாறியது. 1931-இல் அவர் நூலாக வெளியிட்ட, நூலகத்துக்கான ஐந்து விதிகளில் முதல் மூன்றைத்தான் நாம் சுவரில் பெரிதாக எழுதி வைக்கிறோம். உங்கள் சிக்கல் நான்காவது விதியைச் சேர்ந்தது: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து.

உங்கள் மூன்று நிகழ்ச்சிகளையும் இந்த விதிக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் போக மாணவருக்கு என்ன மிஞ்சியது? எந்த வேலை அவருக்கு லேசானது? ஒன்றுமில்லை என்றால் அவர் மறுநாள் வரக் காரணமும் இல்லை. வகுப்பு நேரத்தில் வெளியே வர ஒரு வாய்ப்புக் கிடைத்தது, வந்தார், போனார். மாணவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் வேலையாக, நிகழ்ச்சிகளை ஒரு மாதம் நிறுத்துங்கள். முதல்வரிடம் திட்டமிடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யும் இல்லை. இஷ்யூ கவுண்டரில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிற மாணவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும், அவர் சொன்ன வார்த்தையிலேயே, துறையையும் வருடத்தையும் சேர்த்து உதவியாளர் எழுதட்டும். இரண்டு வாரம் போதும். ‘போன வருஷ கொஸ்டின் பேப்பர் இருக்கா’, ‘ப்ராஜெக்ட்டுக்கு மாடல் கிடைக்குமா’, ‘குரூப் ஃபோர் புக் வெளியே எடுத்துட்டுப் போகலாமா’, ‘ஸ்காலர்ஷிப் ஃபார்ம் இங்கேயே பிரிண்ட் எடுக்கலாமா’, ‘இந்த புக் தமிழ்ல இல்லையா’ என்று வரும். நூலகத்துக்குச் சம்பந்தமில்லை என்று எதையும் தள்ளிவிட வேண்டாம். வைஃபை பாஸ்வேர்டு கேட்டவரையும் எழுதுங்கள். உங்கள் ஒரு வருட நிகழ்ச்சி நிரல் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

அடுத்து, அந்த நோட்டையும் கல்லூரி நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அசைன்மென்ட் கொடுக்கிற வாரம், முதல் இன்டர்னல், மாடல் தேர்வு, செமஸ்டர், இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்பு கேட்கிற தேதி. மாணவருக்கு நூலகம் தேவைப்படுவது இந்த நாட்களுக்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள். நிகழ்ச்சி அங்கே விழ வேண்டும்.

முதலாண்டு மாணவர்களுக்கு நூலக அறிமுகம் எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது, பெரும்பாலும் கல்லூரி திறந்த முதல் வாரத்தில். அப்போது அவர்களுக்குக் கழிவறை எங்கே, கேன்டீன் எங்கே என்பதே தெரியாது. மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். வகுப்பை மொத்தமாக அழைக்காமல் 20 பேராகப் பிரியுங்கள். பேச்சைப் பத்து நிமிடத்தில் முடித்து, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி முறையில் நீங்கள் அடுக்கியிருந்தால் ஒருவருக்கு 894.811, இன்னொருவருக்கு 657, மற்றவருக்கு 954.82. அலமாரியில் போய்த் தேடி, தமிழ் இலக்கியமும் கணக்குப்பதிவியலும் தமிழ்நாட்டு வரலாறும் அங்கே இருப்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஒரு முக்கியமான விஷயம்: வெளியே போகும்போது ஒவ்வொருவர் கையிலும் இஷ்யூ போட்ட ஒரு புத்தகம் இருக்க வேண்டும், எந்தப் புத்தகமாக இருந்தாலும் சரி. அதைத் திருப்பித் தரவாவது ஒருமுறை வருவார்கள். முதல் தவணைக்கு ஃபைன் போடாதீர்கள். ஐந்து ரூபாய் ஃபைனுக்குப் பயந்து மூன்று வருடம் உள்ளே வராத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அசைன்மென்ட் நேரத்தில் மாணவர்களை நூலகத்துக்கு அழைக்காமல் நீங்கள் வகுப்புக்குப் போங்கள். 1931-இல் மன்னார்குடி பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். நமக்கு இரண்டு மாடி ஏறி இறங்குவதுதான் பாடு. ஆசிரியர் கொடுத்த அதே தலைப்பை வைத்துக்கொண்டு 20 நிமிடம். நம் கேட்டலாகில் என்ன இருக்கிறது, ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகத்தில் என்ன இருக்கிறது என்று தேடிக் காட்டுங்கள். தமிழ், வரலாறு மாணவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் கட்டாயம் காட்டுங்கள். பழைய நூல்கள், இதழ்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், காசும் கிடையாது.

இப்போது மாணவர்கள் எல்லோருமே சாட்ஜிபிடியிடம்தான் முதலில் போகிறார்கள். தடை போட்டுப் பயனில்லை. அதையே ஒரு நிகழ்ச்சியாக்குங்கள். அசைன்மென்ட் தலைப்பைச் சொல்லி, இதற்குத் தமிழில் ஐந்து புத்தகம், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் கொடு என்று மாணவர்களையே கேட்கச் சொல்லுங்கள். வருகிற பட்டியலை எடுத்துக்கொண்டு குழுகுழுவாக நம் கேட்டலாகிலும் தேசிய மின்னூலகத்திலும் அலமாரியிலும் தேடட்டும். நம்மிடம் இல்லாததாலேயே ஒரு புத்தகம் பொய்யாகிவிடாது. வேறு இரண்டு மூன்று இடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் சில புத்தகங்கள் எங்கேயும் கிடைக்காது. நிஜமான ஆசிரியரின் பெயரில் அவர் எழுதாத புத்தகம் நிற்கும். அந்த நிமிடத்தில் வகுப்பில் எழுகிற சலசலப்பு இருக்கிறதே, ஒரு மணி நேர உரையில் கிடைக்காது. கேட்டலாகைத் தேடுவது எதற்கு என்று அதற்குப் பிறகு நீங்கள் விளக்கவே வேண்டாம்.

என்-லிஸ்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் அவமானப்பட்ட கதை ஒன்று உண்டு. 120 பேரைக் கருத்தரங்கக் கூடத்தில் உட்காரவைத்து, புரொஜெக்டர் போட்டு, இப்போது எல்லோரும் உள்ளே போங்கள் என்றேன். ஒருவராலும் போக முடியவில்லை. கல்லூரியின் பொறுப்பாளர் மாணவர்களின் பெயரையும் மின்னஞ்சலையும் ஏற்றிய பிறகுதானே கணக்கு கிடைக்கும்? ஏற்றியது நான்தான். ஆனால் அட்மிஷன் படிவத்திலிருந்து எடுத்த மின்னஞ்சல்களில் பாதி, பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்தவை; பிள்ளைகளுக்கே கடவுச்சொல் தெரியாது. மீதிப் பேருக்கு வந்த மடல் ஸ்பாமில் கிடந்தது. அன்றைக்கு நான் கற்றது, பயிற்சிக்கு முன்னால் ஒரு வாரம் கவுண்டரில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் போனிலும் மடல் வந்திருக்கிறதா, திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அந்தச் சலிப்பான வேலைதான் உண்மையான பயிற்சி. தொடக்கத்தில் முதுகலை மாணவர்களையும் ப்ராஜெக்ட் செய்கிற இறுதியாண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு பி.காம். மாணவருக்கு ஆங்கில ஆய்விதழைக் காட்டி மிரட்ட வேண்டியதில்லை.

ப்ராஜெக்ட் குழுவுக்கு ஷோத்கங்காவைக் காட்டுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. காட்டிய கையோடு மேற்கோள் காட்டுவது எப்படி என்றும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓர் அத்தியாயம் அப்படியே பெயர்ந்து வந்துவிடும். யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை தண்டனையில்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. இதைச் சொன்னால் கூடம் அமைதியாகிவிடும்.

செமஸ்டர் தேர்வு நேரத்தில் நிகழ்ச்சியே வேண்டாம். பழைய வினாத்தாள்களைத் துறைவாரியாகத் தைத்து வையுங்கள். ரெஃபரன்ஸ் பிரதிகளை மாலையில் கொடுத்து மறுநாள் காலையில் வாங்குங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து நூலகத்தை மூடுங்கள். மாணவர் ஆதரவு என்பதில் பெரும்பகுதி இதுதான்.

உங்கள் நோட்டில் குரூப் ஃபோர் அடிக்கடி வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். 200 கேள்வி, அதில் 100 தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் பாடநூல்கள் இரண்டு செட், ஒரு நீள மேசை, சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், தேர்வான முன்னாள் மாணவர் ஒருவர். இவ்வளவு போதும். பயிற்சி மைய உரிமையாளரை மட்டும் பேச அழைக்காதீர்கள்; கடைசிப் பத்து நிமிடம் அவருடைய கட்டண விவரமாகத்தான் இருக்கும். இன்னொன்று, இந்தப் பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடு வருவார்கள். பையை வெளியே வை, சொந்தப் புத்தகத்துக்கு அனுமதியில்லை என்ற பழைய சட்டம் உங்கள் கல்லூரியிலும் இருக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. நாம் ஒரு மூலையையாவது ஒதுக்கலாம்.

பார்வையற்ற மாணவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கலைக் கல்லூரி என்றால், குறிப்பாகத் தமிழ், வரலாற்றுத் துறைகளில், நிச்சயம் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காக ஒருமுறை பிரெய்லி விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தினேன். முடிந்ததும் ஒரு மாணவர் வந்து, “சார், நிகழ்ச்சி நல்லா இருந்துச்சு. ஆனா எனக்கு வாரத்துல ஒரு மணி நேரம் வாசிச்சுக் காட்ட ஆள் கிடைச்சாப் போதும்” என்றார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த வாரமே ஆறு மாணவர்களைப் பிடித்தோம். நேரில் வாசித்தார்கள், முடியாத நாட்களில் போனில் பதிவு செய்து கொடுத்தார்கள். அந்த ஆறு பேரும் நூலகத்தின் நிரந்தர வாசகர்களாகிவிட்டது நான் எதிர்பார்க்காதது. ஒரு கணினியில் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானைப் போட்டு வையுங்கள், அது இலவசம். சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அவர்களை உறுப்பினராக்குங்கள். தேர்வுக்குச் சொல்வதை எழுதித் தருகிறவர்களின் பட்டியல் ஒன்றும் நூலகத்தில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் அந்தப் பிள்ளைகள் ஆள் தேடி அலைவது கொடுமை.

இரண்டு பேரால் இதெல்லாம் முடியுமா? முடியாது. இரண்டாமாண்டு மாணவர்களில் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைம்மாறாகக் கூடுதலாக இரண்டு புத்தகம் எடுக்கலாம் என்று சொல்லுங்கள். தூசி தட்டவும் அலமாரி நகர்த்தவும் அவர்களைப் பயன்படுத்தினால் ஒரே மாதத்தில் காணாமல் போய்விடுவார்கள். தேட உதவுவது, வாசித்துக் காட்டுவது, போனில் கணக்குத் திறந்து கொடுப்பது போன்ற வேலைகளைக் கொடுங்கள். சீனியர் பெண்ணிடம் கூச்சமில்லாமல் கேட்கிற கேள்வியை முதலாண்டுப் பிள்ளைகள் உங்களிடம் கேட்கத் தயங்குவார்கள்.

நாக் பற்றி முதல்வருக்கு இருக்கிற கவலை நியாயமானது. நூலகத்தின் நுழைவுப் பதிவேடும் பயன்பாட்டு விவரமும் கேட்பார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம் போதும். தேதி, துறை, எத்தனை பேர், நோட்டில் எந்தக் கேள்வியிலிருந்து இது பிறந்தது, பதினைந்து நாள் கழித்து அந்தத் துறையின் இஷ்யூ எண்ணிக்கை என்ன ஆனது. கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருந்தால் இந்த எண்ணிக்கையைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். எண்ணிக்கை ஏறாத மாதமும் வரும். அதையும் அப்படியே எழுதுங்கள். பொன்னாடைப் புகைப்படங்களைவிட இந்தப் பக்கங்கள் கேள்விக்குத் தாங்கும்.

வரும் திங்கட்கிழமை நோட்டை வையுங்கள். இரண்டு வாரம் கழித்து, எந்தத் துறையில் அசைன்மென்ட் முதலில் வருகிறது என்று விசாரித்து, அந்தத் துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள். புகைப்படத்துக்கு பேனர் இருந்தே ஆக வேண்டும் என்று முதல்வர் சொன்னால், தேதி போடாமல் ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க ஆகும்.