ராத்திரி போட்ட மஞ்சள் மாத்திரை

மருந்துக்கடை மேசை: வாசகர் கேள்வி பதில்
பதில் எழுதுபவர் கோத்தகிரியில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தவர்.

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. கட்டபெட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். நாலு மாதமாக வயிறு சரியாகக் கழிவதில்லை. கடையில் மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி இரண்டைப் போட்டுக்கொண்டு பால் டீ குடித்துவிட்டுப் படுப்பேன். விடிகாலையில் வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு நாலு தடவை போகும். அப்புறம் இரண்டு நாள் ஒன்றும் வராது. பயந்துபோய் மறுபடி இரண்டு போடுவேன். இப்படியே போட்டால் குடல் பழகிப்போய்விடும் என்கிறார் பக்கத்து லைன் வீட்டு அக்கா. உண்மையா? வேறு மாத்திரை என்றால் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும்தான், ஐந்து மாதமாக. (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் அந்தப் பால் டீயை நிறுத்துங்கள். டீயையே விடச் சொல்லவில்லை, மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதைத்தான் சொல்கிறேன். நீங்கள் போடுவது பிசாகோடில். அதன் மேலே இருக்கும் வழவழப்பான பூச்சு இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போன பிறகு கரைய வேண்டும். பாலோ நெஞ்செரிச்சலுக்குப் போடும் அமில முறிவு மருந்தோ கூடவே போனால் பூச்சு இரைப்பையிலேயே கரைந்துவிடும். நீங்கள் சொல்லும் அந்தப் பிடுங்கலில் பாதி இதனால்தான் இருக்கும். பாலுக்கும் மாத்திரைக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வெறும் தண்ணீரில், கடிக்காமல், உடைக்காமல் முழுசாக விழுங்குங்கள். வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். ராத்திரி போடச் சொல்வது அதற்காகத்தான். 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பலருக்குப் போதும். எடுத்த எடுப்பில் இரண்டு வேண்டாம்.

அடுத்தது, அந்த இரண்டு நாள் விஷயம். 31 வருஷம் மேசைக்குப் பின்னால் நின்று நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். காலையில் எடை போடும் இடத்தில் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வருகிறீர்கள். அடுத்த நிமிடமே கூடையில் கொழுந்தைக் காணோமே என்று பதறுவீர்களா? நாலு தடவை போனால் குடல் துடைத்துவிட்ட மாதிரி காலி. அது மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அந்தக் காலி நாட்களை மலச்சிக்கல் என்று எண்ணி இன்னும் இரண்டு போடுகிறீர்கள், மறுபடி காலி. தினமும் போயே ஆக வேண்டும் என்று உடம்பில் எழுதிவைக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவையில் இருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே சாதாரணம்தான். முக்காமல், இளக்கமாக வருகிறதா என்பதைப் பாருங்கள்.

குடல் பழகிவிடுமா? சொன்ன அளவில் எடுத்தால் குடல் கெட்டுப்போகும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது, அந்த அக்காவிடம் சொல்லுங்கள். ஆனால் கடையில் வாங்கி நாலு மாதம் நாமாகவே போட்டுக்கொண்டிருக்கிற மாத்திரையும் அல்ல அது. அளவு மீறிப் பேதியானால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் இறங்கும், கால் தள்ளாடும். மலைச்சரிவில் கூடையோடு நிற்கிறவருக்கு அது விளையாட்டில்லை.

கடிதத்தின் கடைசி வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியம். இரும்பு மாத்திரை ஐந்து மாதம், மலச்சிக்கல் நாலு மாதம். இரும்பு மலத்தை இறுக்கும், கறுப்பாக்கவும் செய்யும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள், அளவையோ மாத்திரையையோ மாற்றித் தருவார்கள். அப்படியே தைராய்டும் பார்த்துவிடுங்கள். நம் ஊர்க் குளிரில் எல்லோரும் நடுங்குகிறோம் என்பதால், தைராய்டு குறைந்து குளிர் தாங்காமல் இருப்பவர்களும் பனிதான் காரணம் என்று விட்டுவிடுகிறார்கள். 45 தாண்டிய பிறகு புதிதாக வந்த மலச்சிக்கலை எப்படியும் ஒரு டாக்டர் பார்த்தாக வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். தேயிலைக் காட்டில் இறங்கினால் ஒதுங்க இடம் இருக்கிறதா? என் கடைக்கு வந்த தோட்டத்துப் பெண்கள் பலரும் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள், வந்ததையும் அடக்கிக்கொள்வார்கள். அடக்க அடக்க மலத்தில் இருக்கும் நீரைக் குடல் உறிஞ்சிவிடும், அது புளியங்கொட்டை மாதிரி ஆகிவிடும். இதற்கு மாத்திரை எழுதிக்கொண்டே போவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. தோட்டத்தில் கேட்டு வாங்க வேண்டியது அது. இப்போதைக்கு, இருபது நிமிடம் முன்னால் எழுந்து, சூடாக ஏதாவது குடித்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்காருங்கள். சாப்பிட்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

சரி, மஞ்சள் மாத்திரைக்குப் பதில் என்ன? இசப்கோல் உமியில் ஆரம்பியுங்கள். குஜராத்தில் விளையும் ஒரு செடியின் விதைத்தோல் அது, தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பும். ஒருமுறை எனக்கென்று ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் கலக்கி மேசையில் வைத்தேன். யாரோ சீட்டு நீட்ட, மருந்தெடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாது, ஸ்பூன் குத்திட்டு நிற்கிறது. தண்ணீர் குறைந்தால் தொண்டையிலும் குடலிலும் இதேதான் நடக்கும். அதனால் ஒரு ஸ்பூன், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர், கலக்கிய கையோடு குடிக்க வேண்டும், மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். வாயில் போட்டு மெல்வதோ, படுக்கப் போகும் நேரத்தில் விழுங்குவதோ கூடாது. இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பகலில் தண்ணீர் குடிக்கவே முடியாது என்றால் இது உங்களுக்கு வேண்டாம், லாக்டுலோஸ் சிரப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். முதல் சில நாள் வயிறு உப்பும், காற்று பிரியும், பிறகு அடங்கிவிடும்.

இரண்டுமே மெதுவாக வேலை செய்பவை. லாக்டுலோஸுக்கு ஒன்று இரண்டு நாள், இசப்கோலுக்கு மூன்று நாள் வரை ஆகும். முதல் நாளே வரவில்லை என்று மஞ்சள் மாத்திரையை மேலே போட்டீர்களானால் பழைய கதைதான்.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் எந்தப் பேதி மருந்தும் தொடக் கூடாது. அது குடல் அடைப்பாக இருக்கலாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் ரத்தம், தார் மாதிரி பிசுபிசுப்பான கறுப்பு, காரணமில்லாத எடைக் குறைவு, இவற்றுக்கும் மருந்துக்கடை சரியான இடம் இல்லை.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, படுத்த படுக்கை. சர்க்கரையால் கிட்னி கொஞ்சம் பாதித்திருக்கிறது. மலம் இளகுவதற்கு வெள்ளைத் திரவ மருந்து ஒன்றைப் படுக்கையிலேயே ஸ்பூனில் ஊட்டுகிறோம். ஒரு வாரம் போகாமல் இருந்தவருக்கு இப்போது தண்ணீராகக் கசிகிறது. மருந்தை நிறுத்தி, பேதியை நிறுத்தும் மாத்திரை தரலாமா? (வாசகர், குன்னூர்)

பதில்: தராதீர்கள் தம்பி. இதே தவறை நானே செய்திருக்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து அம்மா படுத்திருந்தபோது வலிக்கு டிரமடால் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது குடலை மந்தமாக்கும் என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிற நான், வீட்டில் கோட்டை விட்டேன். ஐந்தாறு நாள் போகவில்லை, பிறகு புடவையெல்லாம் தண்ணீராகக் கசிந்தது. பேதி என்று நினைத்து லோபரமைடு இரண்டு கொடுத்தேன். மறுநாள் வயிறு பலகையாகிவிட்டது. வந்த டாக்டர் கையுறை போட்டுப் பார்த்துவிட்டு, “உள்ளே கல்லு மாதிரி அடைச்சு நிக்குதும்மா, தண்ணி அதோட ஓரமா வழியுது” என்றார். உங்கள் அப்பாவுக்கும் இதே சந்தேகம்தான் எனக்கு. டாக்டரோ நர்ஸோ இன்றே கை வைத்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளை மருந்தின் அட்டையைப் படியுங்கள். திரவப் பாரஃபினும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்ததாக இருந்தால் இரண்டுமே அவருக்கு ஆகாது. பாரஃபின் எண்ணெய் மாதிரி. படுத்தவாக்கில் ஊட்டினால் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். கிட்னி சரியில்லாதவருக்கு மக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். கடையில் விற்கும் பாஸ்பேட் இனிமாவும் வேண்டாம், அந்தப் பாஸ்பேட்டும் அப்படியே தேங்கும். கிட்னி டாக்டரைக் கேட்டுக்கொண்டு மாற்று மருந்து வாங்குங்கள்.

கேள்வி: மருமகள் ஏழு மாதம். நாலு நாளாகப் போகவில்லை என்று அழுகிறாள். எங்கள் காலத்தில் விளக்கெண்ணெய்தான். ஒரு ஸ்பூன் கொடுக்கட்டுமா? (ஒரு மாமியார், கூடலூர்)

பதில்: வேண்டாம் அம்மா. விளக்கெண்ணெய் குடலை முடுக்குவதோடு நிற்காது, கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கலாம். பேதிக்குக் கொடுக்கும் நிலாவரை சூரணத்தையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். செக்கப்புக்குப் போகும் இடத்தில் போன் போட்டுக் கேட்டால் இசப்கோலோ லாக்டுலோஸோ அளவு சொல்லித் தருவார்கள். இந்த மாதத்தில் இரும்பும் கால்சியமும் விழுங்குகிறவர்களுக்கு இறுகுவது சகஜம், நாலு நாள் ஆனதற்கு அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். தோலோடு பேரிக்காய், வெண்ணெய்ப்பழம், அவரை, கீரை எல்லாம் உங்கள் சந்தையிலேயே கிடைக்கிறதே, தட்டில் கூடுதலாக வையுங்கள்.

கேள்வி: புது வீட்டில் உட்காரும் கழிவறை வைத்தோம். அதிலிருந்து எனக்குச் சரியாகப் போவதில்லை. பிரமையா? (வாசகர், ஊட்டி)

பதில்: பிரமை இல்லை. குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நிமிர்கிறது, நாற்காலி மாதிரி உட்கார்ந்தால் அவ்வளவு நிமிர்வதில்லை. அரை அடி உயரத்துக்கு ஒரு மணை போட்டுக் காலை அதன் மேல் வைத்து, கொஞ்சம் முன்னால் குனிந்து உட்காருங்கள், முட்டி இடுப்பைவிட மேலே இருக்கட்டும். பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப் போடாதீர்கள், ஈரத் தரையில் வழுக்கும்.