முன்னால் போய் நில்லுங்கள்

கேள்வி: குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்ட, என் தோழி மூன்று நாளில் 600 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டப் போகிறாள். காரில் கூட வா என்கிறாள். எனக்கோ பஞ்சர்கூட ஒட்டத் தெரியாது. நான் போய் என்ன செய்யப் போகிறேன்? – ஒரு வாசகி

பதில்: அவசியம் போங்கள். பஞ்சர் ஒட்ட அவளுக்கே தெரிந்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்து அவளுக்கு முடியவில்லை என்று கண்டுபிடிக்க உங்களால்தான் முடியும்.

நண்பர்களின் நெடும்பயணங்களுக்குத் துணைவண்டி ஓட்டியவள் நான். முதலில் சொல்வது இதுதான்: பின்னாலேயே ஊர்ந்து வராதீர்கள். சாலையில் மற்றவர்களுக்கு இடைஞ்சல், அவளுக்கும் காதோரம் ஓயாத இன்ஜின் சத்தம். 25, 30 கிலோமீட்டர் முன்னால் போய், சொன்ன இடத்தில் சொன்னபடி நில்லுங்கள். 'அடுத்த வளைவுக்கு அப்புறம் என் தோழி நிற்பாள்' என்ற நம்பிக்கையில்தான் அவள் கால் மிதிக்கும். ஒருமுறை இடம் மாறி நின்றாலும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். ஏதாவது அமைப்பு நடத்தும் பயணம் என்றால் விதிகளைப் படித்துவிடுங்கள். பிரான்சில் நடக்கும் 1,200 கிலோமீட்டர் சைக்கிள் பயணமான பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸில் சோதனை நிலையங்களில் மட்டுமே துணைவண்டி உதவலாம். நடுவழியில் உதவினால் தண்டனை ஓட்டுகிறவருக்கு.

வந்து நின்றதும் "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். களைத்துப்போன மூளைக்கு அதுவும் ஒரு வேலை. பாட்டிலைக் கையில் கொடுங்கள், உரித்த பழத்தை நீட்டுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசித்த பிறகு கொடுப்பது தாமதம். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஒரு பாட்டிலில் உப்புச்சத்துள்ள பானம் இருக்கட்டும்.

கைகளைக் கவனியுங்கள். ஒரு நண்பர் வந்து நின்று, ஜெர்சியின் ஜிப்பை இழுக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போயிருந்தன. ஹேண்டில்பாரில் உள்ளங்கை அழுந்திக்கொண்டே இருந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கும். கை பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றச் சொல்லி நினைவுபடுத்துங்கள். இரவில் அவளுடைய பேடிங் வைத்த ஷார்ட்ஸைத் துவைத்து நன்றாகக் காயப்போடுங்கள். ஈரமும் வியர்வையும்தான் உட்காருமிடத்தில் புண்ணாகும். பாதியில் இறங்கியவர்களில் சிலரை இறக்கியது அந்தப் புண்தான், கால்வலி அல்ல.

அவள் திணறும்போது மனசு கேட்காமல் "போதும், ஏறு வண்டியில்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். கிளம்பும் முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்: நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், நிற்காத வாந்தி, சைக்கிள் தள்ளாடுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் நீங்கள் நிறுத்தச் சொன்னால் அவள் மறுபேச்சில்லாமல் நிறுத்த வேண்டும். உடனே மருத்துவ உதவி. மற்ற எதற்கும் முடிவு அவளுடையது.

நிதி விஷயத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று நன்கொடையாளர்களுக்கு எழுதுவது, பெயர் சொல்லி நன்றி சொல்வது எல்லாம் உங்கள் வேலை. அந்த நேரம் அவள் தூங்கட்டும். நடுவில் நின்றால் நன்கொடையாளர்களிடம் என்ன சொல்வது என்பதையும் புறப்படும் முன்பே இருவரும் எழுதி வைத்துவிடுங்கள். வழியில் பேசினால் அவள் காதில் ஏறாது.