பாத்திரத்துக்கு வரி குறைந்தது, ஓ.டி. ஏன் ஏறுகிறது?

கேள்வி: திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் எவர்சில்வர் பாத்திரப் பட்டறை நடத்துகிறேன். தொழில் என் ஒருவன் பெயரில்தான். மாதம் சராசரியாக 40 லட்ச ரூபாய்க்குச் சரக்கு போகும். செலவெல்லாம் போக வருஷத்துக்கு 30 லட்சம் நிற்கும். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, ஆண்டுச் சம்பளம் 11.5 லட்சம். நண்பர் ஒருவர், "பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிடு, 30 சதவீத வரி 22 ஆகிவிடும்" என்கிறார். செய்யலாமா? 2025 செப்டம்பரில் பாத்திரத்துக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம் ஆனபோது சந்தோஷப்பட்டேன். வியாபாரமும் குறையவில்லை. ஆனால் அதற்கப்புறம் பேங்க் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) ஏறிக்கொண்டே போகிறது, காரணம் பிடிபடவில்லை. மனைவிக்கு இனி வருமான வரியே இல்லை என்கிறார்கள். அப்படியானால் பிபிஎஃப், இன்ஷூரன்ஸ் எல்லாம் எதற்கு? கடைசியாக ஒன்று. எல்லா வரியையும் குறைத்துவிட்டு அரசாங்கம் எதை வைத்து நடக்கும்? வேறு வழியில் நம்மிடமே வாங்கிவிடுவார்களோ?

பதில்: ஓ.டி. விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பணம் போய்க்கொண்டிருப்பது அங்கேதான். நண்பர் சொன்ன கம்பெனி யோசனை அதோடு ஒப்பிட்டால் சில்லறை.

நீங்கள் 100 ரூபாய்க்கு விற்கும் பாத்திரத்தில் தகடு 60 ரூபாய், வெளியில் கொடுத்து வாங்கும் பாலிஷ் மாதிரியான கூலி வேலை 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கு கொஞ்சம் மாறலாம், போக்கு மாறாது. தகட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 10 ரூபாய் 80 பைசா. ஜிஎஸ்டி பதிவுள்ளவரிடம் கூலி வேலை கொடுத்திருந்தால் அதற்கு முன்பு 12 சதவீதம், 1 ரூபாய் 20 பைசா. ஆக, வாங்கும்போது 12 ரூபாய் வரி கொடுத்தீர்கள், விற்கும்போது 12 ரூபாய் வரி வசூலித்தீர்கள். நேருக்கு நேர்.

செப்டம்பர் 22-க்குப் பிறகு பாத்திரம் 5 சதவீதம். தகடு அதே 18. இந்த மாதிரிக் கூலி வேலைக்கு 12 ஆக இருந்தது 18 ஆகிவிட்டது. விலை குறைந்த சோப்பும் டிவியும் காரும் நிறைந்த செய்தித் தலைப்புகளில் இதற்கு இடமில்லை. இப்போது நீங்கள் கொடுக்கும் வரி 12.60, வசூலிப்பது 5. மீதி 7.60, ஜிஎஸ்டியில் உங்கள் வரி வரவைக் காட்டும் கிரெடிட் லெட்ஜரில் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. மாதம் 40 லட்சம் விற்பனைக்கு இது 3 லட்சத்து 4 ஆயிரம். ரீஃபண்ட் போடாமல் ஆறு மாதம் விட்டிருந்தால் 18 லட்சத்துக்கு மேல். தகடு வாங்க அந்தப் பணம் வேண்டுமே, அதைத்தான் ஓ.டி.-யில் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அரசுக்கு நீங்கள் கொடுக்கும் வட்டியில்லாக் கடனுக்கு வங்கியில் வட்டி கட்டுகிறீர்கள்.

இதைத் திரும்பக் கேட்கலாம். உள்ளே வரும் சரக்குக்கு வரி அதிகம், வெளியே போகும் சரக்குக்குக் குறைவு என்ற நிலைமைக்கே ரீஃபண்ட் உண்டு. ஆர்எஃப்டி-01 விண்ணப்பம், இரண்டு வருஷக் கெடு. கெடு இருக்கிறதே என்று வருஷக் கடைசிக்குத் தள்ளாமல், ரிட்டர்ன் போட்ட கையோடு மாதாமாதம் போடச் சொல்லுங்கள். 2025 அக்டோபரிலிருந்து, இடர் குறைவு என்று கணினி பிரித்துக்காட்டும் விண்ணப்பங்களுக்கு 90 சதவீதத்தைத் தற்காலிகமாக முதலிலேயே விடுவிக்க உத்தரவு இருக்கிறது. முழுமையான விண்ணப்பம் கொடுத்து 60 நாள் தாண்டினால் அரசு உங்களுக்கு 6 சதவீத வட்டி தர வேண்டும். ஓ.டி. வட்டிக்கு அது ஈடாகாது, ஆனாலும் கேட்க மறக்காதீர்கள்.

இதில் ஒரு கிடுக்கிப்பிடி இருக்கிறது. ரீஃபண்ட் சூத்திரத்தில் தகடு போன்ற உள்ளீட்டுப் பொருளின் வரி மட்டும்தான் வரும். கூலி வேலை, லாரி வாடகை போன்ற சேவைகளுக்குக் கட்டிய வரியும், இயந்திரம் வாங்கிய வரியும் வராது. மேலே சொன்ன கணக்கில் தேங்கிய 7.60-இல் திரும்பி வருவது சுமார் 6.51. மீதி 1 ரூபாய் 9 பைசா லெட்ஜரிலேயே கிடக்கும். நூற்றுக்கு ஒரு ரூபாய்தானே என்று தோன்றும். உங்கள் வருஷ விற்பனை 4.8 கோடி, அதற்கு 5 லட்சத்து 20 ஆயிரம். நீங்கள் கட்டும் வருமான வரியைவிட அதிகம். அதைக் கீழே பார்ப்போம்.

என்ன செய்யலாம்? பாலிஷ் வேலையில் முடிந்த அளவைப் பட்டறைக்குள்ளேயே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யுங்கள், சம்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும், பதிவு தேவைப்படாத சிறு பாலிஷ்காரர்களிடம் கொடுத்தாலும் அதே பலன். கழிவுத் தகட்டை விற்கும்போது 18 சதவீதம் வசூலிப்பீர்கள், அந்த வரியைக் கையிலிருந்து கட்டாமல் லெட்ஜரில் தேங்கிய வரவிலிருந்தே கழியுங்கள். புது பிரஸ் மிஷின் வாங்கும் எண்ணம் இருந்தால், அதன் 18 சதவீத வரியும் ரீஃபண்டில் வராது என்பதை விலையோடு சேர்த்து யோசியுங்கள். அப்புறம், விலையையே கொஞ்சம் பாருங்கள். வரிக்கு முன் 1,000 ரூபாய்ப் பாத்திரம் கடையில் 1,120-க்குப் போனது, இப்போது 1,050. லெட்ஜரில் தேங்கும் 11 ரூபாயைச் சேர்த்து நீங்கள் 1,011 ஆக்கினால் வாங்குபவர் 1,062 கொடுப்பார், பழைய விலையைவிட 58 ரூபாய் குறைவுதான். வரிக்குறைப்பை விழுங்கிவிட்டார் என்று யாரும் சொல்லாதபடி தகட்டு பில், கூலி பில் எல்லாம் கையில் இருக்கட்டும்.

உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். சிறு, குறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தராமல் வருஷம் முடியும்வரை பாக்கி வைக்கும் வியாபாரி, அதை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. பாக்கி இழுத்தடிக்கும் கடைக்காரரிடம் மார்ச் மாதத்தில் இதை நினைவூட்டினால் வேலை நடக்கிறது.

இனி கம்பெனி. 22 சதவீதம் என்பது 2019 செப்டம்பர் 20 அன்று அறிவித்த விகிதம். வரியின் மேல் போடும் கூடுதல் வரிகளான சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால் 25.17. நண்பர் இதை உங்கள் 30 சதவீதத்தோடு ஒப்பிடுகிறார். ஆனால் நீங்கள் 30 லட்சத்துக்கும் 30 சதவீதம் கட்டுவதில்லையே. 2025-26-க்கான புதிய வருமான வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் உள்ள 6 லட்சத்துக்கு மட்டும்தான் 30. கூட்டினால் 4,80,000, செஸ்ஸோடு 4,99,200. மொத்தத்தில் 16.64 சதவீதம். அதே லாபம் கம்பெனியில் வந்தால் 7,55,040.

உங்கள் ஆடிட்டர் இதற்கு ஒரு பதில் சொல்வார்: கம்பெனியிலிருந்து 12.75 லட்சம் சம்பளம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு வரி வராது, மீதி 17.25 லட்சத்துக்கு மட்டும் கம்பெனி வரி. சரிதான். 4,34,148 ஆகும். 65 ஆயிரம் மிச்சம். ஆனால் லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டாய ஆடிட், கம்பெனிப் பதிவாளருக்கு வருஷாந்தரப் படிவங்கள் என்று அந்த மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். அதைவிட முக்கியம், மீதிப் பணம் கம்பெனியுடையது. மகள் கல்யாணத்துக்கு வேண்டும் என்று டிவிடெண்டாக (லாபப் பங்காக) எடுத்தால் உங்கள் கையில் மறுபடி வரி. அத்தனையையும் அதே வருஷம் எடுத்தால் இரண்டு வரியும் சேர்ந்து 7.7 லட்சத்தைத் தாண்டும். அந்த 22 சதவீதம், லாபத்தைத் தொழிலிலேயே விட்டுவைப்பவர்களுக்கு வசதியான விகிதம். வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு எல்லாமே பட்டறை வருமானத்திலிருந்து எடுப்பவருக்கு அல்ல. சம்பளம் எதுவும் எடுக்காமல் நேருக்கு நேர் பார்த்தால், லாபம் 52.5 லட்சத்தைத் தாண்டும்போதுதான் கம்பெனி வரி உங்கள் வரியைவிடக் குறையும். அதுவரை விடுங்கள். புது உற்பத்திக் கம்பெனிக்கு 15 சதவீதம் என்று யாராவது சொன்னால், 2024 மார்ச் 31-க்குள் உற்பத்தி தொடங்கியவர்களோடு அது முடிந்துவிட்டது.

கம்பெனி ஆக்க வேறொரு காரணம் உண்டு, கடன் பொறுப்பு. தனிநபர் தொழிலில் பட்டறைக் கடனுக்கு உங்கள் வீடும் பொறுப்பு. ஆனால் உங்கள் அளவுள்ள கம்பெனிக்கு வங்கி இயக்குநரின் சொந்தக் கேரண்டி கேட்காமல் கடன் தருவது அபூர்வம் என்பதால், நடைமுறையில் அந்தப் பாதுகாப்பும் பாதிதான்.

அரசாங்கம் எதை வைத்து நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். 2019-இல் கம்பெனி வரியைக் குறைத்தபோது வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி இழப்பு என்றார்கள். 2018-19-இல் 6.63 லட்சம் கோடி வசூலான கம்பெனி வரி அடுத்த வருஷம் 5.57-க்கு இறங்கியது, கொரோனா வருஷத்தில் 4.57. பிறகு லாபங்கள் ஏற, 2021-22-இல் 7.12, 2023-24-இல் 9.11. குறைத்ததால்தான் ஏறியது என்பவர்களும் உண்டு, குறைக்காவிட்டால் இன்னும் ஏறியிருக்கும் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு. நீங்களே சொல்லுங்கள், வரி குறைந்தது என்பதற்காக இன்னொரு பிரஸ் வாங்குவீர்களா, ஆர்டர் வந்தது என்பதற்காகவா? இடையில் தனிநபர்கள் கட்டும் வருமான வரி கம்பெனி வரியை முந்திக்கொண்டு 2023-24-இல் 10 லட்சம் கோடியைத் தாண்டியது. அந்தப் பாரத்தில் கொஞ்சத்தைத்தான் 2025 பட்ஜெட் இறக்கியது, வருஷத்துக்கு சுமார் 1 லட்சம் கோடி. அப்புறம் ஜிஎஸ்டி குறைப்புக்கு மத்திய அரசு போட்ட கணக்கு 48,000 கோடி.

ஜிஎஸ்டியில் இழப்பு டெல்லிக்கு மட்டும் இல்லை. மாநிலத்துக்குள் விற்கும் சரக்கின் வரியில் பாதி மாநிலத்துடையது. ஜிஎஸ்டி வந்த முதல் ஐந்து வருஷம் மாநில வசூல் குறைந்தால் டெல்லி ஈடு கட்டியது, அது 2022 ஜூனோடு முடிந்தது. டெல்லி சர்சார்ஜ், செஸ் என்று வாங்கினால் அதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. ஜிஎஸ்டி விகிதத்தையும் மாநிலம் தனியாக மாற்ற முடியாது. ஆகவே தமிழ்நாடு அரசின் கையில் தானாகத் திருப்பக்கூடியதாக மிச்சமிருப்பவை பெட்ரோல், டீசல் வாட், மது, பத்திரப் பதிவு, வாகன வரி. அவற்றோடு மின்கட்டணமும் உள்ளாட்சிகளின் சொத்து வரியும். இது இருபக்கமும் திரும்பும்: 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்து, வருஷத்துக்கு 1,160 கோடி இழப்பை ஏற்றுக்கொண்டார்கள். 2022-இல் சொத்து வரியைக் கட்டடத்தின் அளவைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள், அதே வருஷம் மின்கட்டணமும் ஏறியது. இவை ஜிஎஸ்டி குறைப்புக்கு முந்தியவை, அதனால் அதற்குப் பதில் இது என்று நான் சொல்லவில்லை. பணம் தேவைப்படும்போது மாநிலத்தின் கை எங்கே போகும் என்பதற்காகச் சொல்கிறேன். பட்டறைச் செலவுத் திட்டத்தில் கரண்ட் பில்லுக்கும் சொத்து வரிக்கும் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்குங்கள்.

மனைவியின் கணக்கு எளிது. 11.5 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 10.75 லட்சம், 12 லட்சத்துக்குள் என்பதால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். புதிய முறையிலேயே இருந்திருந்தாலும் 2024-25-இல் 63,700 கட்டியிருப்பார். மாதம் 5,300 ரூபாய் மிச்சம். உங்கள் பெயரில் இருக்கும் பணத்தை அவர் பெயருக்கு மாற்றி வைப்புநிதி போட்டால் அந்த வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும், அந்த யோசனை வேண்டாம். மியூச்சுவல் ஃபண்ட் விற்ற லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது: பங்குசார்ந்த ஃபண்டில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் 20.

பிபிஎஃப் தொடரட்டும். வரிச்சலுகைக்காக ஆரம்பித்தது என்றாலும், பட்டறைக் கடன்காரர் கோர்ட்டுக்குப் போனாலும் ஜப்தி செய்ய முடியாத பணம் அது. சேமிப்போடு கலந்த பழைய எண்டோமென்ட் பாலிசிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சரண்டர் மதிப்பைக் கேட்டு எழுதுங்கள், தனியாகப் பார்ப்போம். உடனே செய்ய வேண்டியது, உங்கள் உயிர்மேல் டெர்ம் பாலிசி (சேமிப்பு கலக்காத வெறும் ஆயுள் காப்பீடு), குறைந்தது 2 கோடிக்கு. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு முன்பு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி இப்போது இல்லை. விண்ணப்பிக்கும்போதே 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவியையும் பிள்ளைகளையும் பயனாளிகளாகப் போடச் சொல்லுங்கள், பாலிசி எடுத்த பிறகு சேர்க்க முடியாது. அப்படிப் போட்டால் அந்தத் தொகையில் பட்டறைக் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. பிரீமியத்தை அந்த 5,300-இலிருந்து கட்டுங்கள். மீதியை ஓ.டி.-யில் கொண்டுபோய்ப் போடாதீர்கள், அதை அடைக்க வேண்டியது ரீஃபண்ட் பணம்.