டீக்கடையில் கிடைத்த ராசி

கேள்வி: ஒன்பது வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என்னோடு சேர்ந்து தொழில் கற்ற நண்பனுக்கு இன்று இரண்டு கடை. கைவேலை என்னுடையதுதான் சுத்தம், அவனே ஒத்துக்கொள்வான். சாயங்காலமானால் டீக்கடையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பான். அங்கே பழக்கமான ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் நாற்பது டேப்லெட்டை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டார். நான் கடையை விட்டு நகர்வதே இல்லை. எல்லாம் ராசிடா என்கிறார் அம்மா. அப்படித்தானா?
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: அம்மா சொல்வதை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர் அந்த டீக்கடைக்கு வந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் உங்கள் நண்பர் தினமும் அங்கே போய் உட்கார்ந்தது? அதை நீங்கள் 'அரட்டை' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டீர்கள்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் வைஸ்மன் என்று ஓர் உளவியல் பேராசிரியர். தன்னை அதிர்ஷ்டசாலி என்று சொல்லிக்கொள்கிறவர்கள், அதிர்ஷ்டம் கெட்டவன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் என இரண்டு வகை ஆட்களிடமும் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, இதில் எத்தனை படங்கள் என்று எண்ணச் சொன்னார். இரண்டாம் பக்கத்திலேயே அரைப் பக்கத்துக்குக் கொட்டை எழுத்தில், எண்ணுவதை நிறுத்துங்கள், மொத்தம் 43 படங்கள் என்று போட்டிருந்தது. அதிர்ஷ்டம் கெட்டவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிக்காமல் எண்ணிக்கொண்டே போனார்களாம். ஒரு சின்னச் சோதனைதான், வேதவாக்கு இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது: தலை நிமிராமல் படம் எண்ணுகிற ஆள்.

கணித மேதை ராமானுஜன் கதை எல்லாருக்கும் தெரியும். மெட்ராஸ் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்துகொண்டு 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார், அப்புறம் கேம்பிரிட்ஜ். அதற்கு முன்பே அதே கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்று இரண்டு பேருக்கு எழுதி, ஒன்றும் நடக்கவில்லை என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. ஹார்டி அதை உட்கார்ந்து படித்தது அதிர்ஷ்டமா? சந்தேகமே இல்லை, அவரும் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் நமக்கு ராசியில்லை என்று இரண்டாவது கடிதத்தோடு பேனாவை மூடியிருந்தால் ஹார்டி எதைப் படித்திருப்பார்?

ராசியில்லை என்கிற நினைப்பு செய்கிற வேலை அதுதான், மூன்றாவது கடிதத்தை எழுத விடாது. (உங்கள் நண்பருக்கு வேறு வியாதி வரலாம். நாளைக்கே எல்லாம் என் சாமர்த்தியம் என்று பேச ஆரம்பிப்பார், பாருங்கள்.)

சரி, சாயங்காலம் அரை மணி நேரம் ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே போங்கள். வேறு டீக்கடைக்கே போங்கள், அந்த டீக்கடையில் உங்கள் நண்பர் இருப்பார்!

கேள்வி: என் கணவர் எந்த முக்கியமான வேலைக்குப் போனாலும் ஒரே நீலச் சட்டைதான், ராசியாம். பலன் உண்டா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இது அதிர்ஷ்டப் பந்து என்று சொல்லிக் கொடுத்தால் கோல்ஃப் பந்தை இன்னும் சரியாகக் குழியில் தள்ளுகிறார்கள் என்று 2010இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வந்தது. 2014இல் அமெரிக்காவில் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்து பார்த்தார்கள், வித்தியாசமே தெரியவில்லை. சட்டையைத் துவைக்க விடுகிறார் இல்லையா? அப்படியானால் விட்டுவிடுங்கள்.