ஒரு வண்டிக்கு ஐந்து என்கொயரி

கேள்வி: ஐயா, கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் நான்கு மாடுகள் வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றி வருகிறேன். பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிச் செல்ல லோடு ஆட்டோ வாங்க எண்ணி, ஓணம் சலுகையின்போது பாலக்காட்டில் ஒரு ஷோரூமுக்குச் சென்று, இரண்டரை லட்சம் கடன் வேண்டும் என்றேன். அங்கிருந்தவர் மலையாளத்தில் அச்சிட்ட தாள்களில் கையெழுத்து வாங்கினார். செல்போனுக்கு வந்த ஓடிபிகளையும் கேட்டுக்கொண்டார். ஒரே வாரத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, ஒன்றும் அமையவில்லை. பிறகு என் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்டால், "என்கொயரி அதிகம், இப்போது முடியாது" என்கிறார்கள். 768 ஆக இருந்த சிபில் மதிப்பெண் 741 ஆகிவிட்டது. வாங்காத கடனுக்கு மதிப்பெண் ஏன் குறைய வேண்டும்?

– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கடன் கேட்டு நீங்கள் விண்ணப்பித்ததும், அந்த நிறுவனம், எல்லோருடைய கடன் விவரங்களையும் திரட்டி வைக்கும் சிபில் போன்ற தகவல் நிறுவனத்திடமிருந்து உங்கள் கடன் தகவல் அறிக்கையை வரவழைத்துப் பார்க்கிறது. அப்படிப் பார்த்த நிறுவனத்தின் பெயர், தேதி, கடனின் வகை, கேட்ட தொகை ஆகியவை அறிக்கையின் கடைசிப் பகுதியில் ஒரு வரியாகப் பதிவாகின்றன. இதைத்தான் ஹார்டு என்கொயரி என்கிறார்கள். அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்பது அந்த வரியில் இருக்காது. ஆகவே அடுத்துப் பார்ப்பவர் தாமே ஊகிக்கிறார்: ஒரே வாரத்தில் ஐந்து முறை இரண்டரை லட்சம், மொத்தம் பன்னிரண்டரை லட்சம் கேட்டிருக்கிறார், கடன் கணக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை, எல்லோரும் மறுத்துவிட்டார்களா, அல்லது வாங்கிய கடன் இன்னும் அறிக்கைக்கு வரவில்லையா? இரண்டாவது சந்தேகத்துக்கும் இடமுண்டு. என்கொயரி உடனே பதிவாகிவிடும். புதிய கடன் கணக்கோ, கடன் கொடுத்தவர் தகவல் அனுப்பும்போதுதான் ஏறும். 2025 ஜனவரி 1 முதல் அதைக் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருந்தாலும், இடையில் சில நாட்கள் இருட்டாகத்தான் இருக்கும்.

ஆகவே உங்கள் வங்கியைத் தயங்க வைத்தது மதிப்பெண்ணைவிட அந்த ஐந்து வரிகள்தான் என்று கருதுகிறேன். 300 முதல் 900 வரை உள்ள அளவில் 741 மோசமான மதிப்பெண் அன்று. ஆனால் கடைசி மூன்று அல்லது ஆறு மாதங்களில் எத்தனை என்கொயரி வரை பொறுப்பது என்பதை ஒவ்வொரு வங்கியும் தனக்குத்தானே வகுத்துக்கொள்கிறது; சிபில் போன்ற நிறுவனங்கள் தகவல் தருகின்றனவேயன்றிக் கடனைத் தரவோ மறுக்கவோ சொல்வதில்லை. 27 புள்ளிகளையும் என்கொயரி மீது சுமத்திவிடாதீர்கள். பழைய நகைக்கடனிலோ பயிர்க்கடனிலோ ஒரு தவணை தாமதமாகியிருக்கிறதா, யாருக்காவது ஜாமீன் போட்ட கடன் நிலுவையில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் அக்கடன் ஏறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வாகனக் கடனுக்காக 45 நாட்களுக்குள் எத்தனை இடத்தில் கேட்டாலும் ஒரே என்கொயரியாகக் கருதப்படும் என்று இணையத்தில் படித்துவிட்டு எனக்கு எழுதுபவர்கள் உண்டு. அது அமெரிக்காவின் ஃபைக்கோ மதிப்பெண்ணுக்கு உரிய வழக்கம். பெரும்பாலானோருக்கு ஓர் என்கொயரியால் ஐந்து புள்ளிக்கும் குறைவாகவே குறையும் என்று ஃபைக்கோ நிறுவனம் சொல்வதும் அங்குள்ள கணக்குதான். அதை நம்பி உங்கள் சித்தூர் தாலுகாவில் ஐந்து கதவுகளைத் தட்ட முடியாது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எல்லாக் கடன் நிறுவனங்களும் ஒரே இடத்தில் பார்ப்பதில்லை. ஐந்து வரிகளும் நான்கு அறிக்கைகளில் சிதறியிருக்கலாம் என்பதால் நான்கையும் வாங்குங்கள். அறிக்கை பார்க்கப்படும்போது வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்பது 2023 அக்டோபரில் வந்த உத்தரவு. விளம்பரம் என்று நீங்கள் ஒதுக்கிய குறுஞ்செய்திகளை அந்த வாரத்துத் தேதியில் தேடிப் பார்த்து, அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் ஒப்புதலே இல்லாமல் பதிவான வரி இருந்தால் அந்தக் கடன் நிறுவனத்திடமும் தகவல் நிறுவனத்திடமும் புகார் செய்யலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் கையெழுத்தும் ஓடிபியும் கொடுத்த இடத்தில், தெரியாமல் கொடுத்தேன் என்று வாதாடி நீக்க வைப்பது கடினம். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் தகவல் நிறுவனம் தானாக எதையும் அழிக்காது. உங்களைப் போலத் தமிழ் படித்து மலையாளத் தாளில் கையெழுத்திடுவோர் எல்லையோரத்தில் ஏராளம். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ஆவணங்கள் இருக்க வேண்டும் என்று நிதி நிறுவனங்களுக்கான நியாய நடைமுறை விதி சொல்கிறது; கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளுங்கள்.

எஞ்சிய வரிகளுக்கு மருந்து பொறுமைதான். சில மாதங்கள் புதிதாக எங்கும் விண்ணப்பிக்காமல், இருக்கும் தவணைகளை நாள் தவறாமல் கட்டி வந்தால், பழைய என்கொயரியின் பாரம் தானே குறையும். வண்டி அவசரம் என்றால், ஐந்தும் ஒரே ஆட்டோவுக்காக ஷோரூம் அனுப்பியவை, எதிலும் கடன் பெறவில்லை என்று ஒரு கடிதம் எழுதி, வண்டியின் விலைப்பட்டியலையும் பால் சொசைட்டி பணம் வரவு வைத்த வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்து, உங்கள் வங்கி மேலாளரிடமே நேரில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆறாவது இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். செயலியில் மாதந்தோறும் என் மதிப்பெண்ணை நானே பார்த்தால் அது குறையும் என்று நூல் கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

– வாசகர், நகரி

பதில்: இல்லை. உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பது சாஃப்ட் என்கொயரி. தினமும் பார்த்தாலும் மதிப்பெண் குறையாது. ஆனால் அதே திரையில் மதிப்பெண்ணுக்குக் கீழே "உங்களுக்கான கடன் தயார்" என்று ஒரு பொத்தான் மின்னும். அதை அழுத்தி ஒப்புதல் கொடுத்துவிட்டால், அடுத்துப் பார்ப்பது நீங்கள் அல்ல, கடன் நிறுவனம். அது ஹார்டு என்கொயரியாகப் பதிவாகலாம். நூல் கடைக்காரர் மதிப்பெண் குறையக் கண்டது அந்தப் பொத்தானால் இருக்கக்கூடும்.