ஆர்கேட்டா ஊரின் கழிவுநீர் நிலையம் எப்படிப் பறவைகள் சரணாலயம் ஆனது?

கலிபோர்னியாவின் வடக்கே, ஹம்போல்ட் விரிகுடா ஓரத்தில் இருக்கும் சின்ன ஊர் ஆர்கேட்டா. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்துக்கு மக்கள் பறவை பார்க்கப் போவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

தொடக்கம் சாதாரணமானதுதான். 1949-இல் ஒரு சுத்திகரிப்பு நிலையம், 1957-இல் பெரிய ஆக்சிஜனேற்றக் குளங்கள் (கழிவுநீரைத் தேக்கி, பாசியும் பாக்டீரியாவும் சுத்தம் செய்ய விடும் குளங்கள்). திருப்பம் 1974-இல் வந்தது. விரிகுடாவுக்குள் கழிவுநீர் விடக் கூடாது, விடுவதானால் அதனால் நீர்நிலைக்கு நன்மை என்று நிரூபிக்க வேண்டும் என்று மாநில அரசு சொன்னது. சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் பொதுவாக, கோடிக்கணக்கான டாலர் செலவில் ஒரே நிலையம் கட்டும் திட்டமும் வந்தது.

ஆர்கேட்டா மறுத்தது. உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஜார்ஜ் ஆலனும் ராபர்ட் கியர்ஹார்ட்டும் சதுப்புநிலமே இந்த வேலையைச் செய்யும் என்றார்கள். ஆலன் ஏற்கெனவே கழிவுநீரும் கடல்நீரும் கலந்த குளத்தில் சால்மன் குஞ்சுகளை வளர்த்துக் காட்டியவர்! சோதனைகளுக்குப் பிறகு 1986-இல் சதுப்புநில அமைப்பு முழுவதும் இயங்கத் தொடங்கியது.

அது வேலை செய்வது இப்படி: ஆக்சிஜனேற்றக் குளத்துத் தண்ணீரில் பாசி மிதக்கும். அந்தத் தண்ணீர் கோரையும் சம்பும் அடர்ந்த சதுப்புக்குள் போனதும், நிழலில் பாசி செத்து அடியில் படிகிறது. தண்டுகளில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா மிச்ச அழுக்கைத் தின்கிறது. பூச்சி, மீன் பெருகியதும் பறவைகள் தாமாக வந்தன. இதுவரை 300-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. என்னைக் கேட்டால், அந்த ஊர் மறுத்தது மிகச் சரி.

இப்போதைய கவலை கடல்மட்ட உயர்வு. நிலையம் முழுவதும் கரையோரத் தாழ்நிலத்தில்தான் இருக்கிறது.